லைசென்ஸை அடமானம் கேட்கும் எல்லையோர லாரி உரிமையாளர் சங்கத்துக்கு

சங்கத்தின் தலைவர், செயலாளர், நிர்வாகிகள் அனைவருக்கும்,

உங்கள் அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கும் தீர்மானத்தைப் பற்றித்தான் இந்த மடல். புதிதாகச் சேரும் டிரைவர் ஒரிஜினல் லைசென்ஸை முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டும். தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பழைய முதலாளியின் கடிதம் இல்லாமல் வருகிறவனைச் சங்கத்தில் வேறு யாரும் வேலைக்கு எடுக்கக் கூடாது. இந்த மூன்றையும் பொதுக்குழுவில் கை தூக்கி நிறைவேற்றியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு டிரைவரையாவது கூப்பிட்டுக் கேட்டீர்களா? எங்களுக்குத் தெரிந்து இல்லை.

நான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். கிளீனராக ஏறி டிரைவரானவன். வாளையார் வழியாகவும் வேலந்தாவளம் வழியாகவும் உங்கள் உறுப்பினர்கள் பலருடைய வண்டியை ஓட்டியிருக்கிறேன், இன்றும் ஓட்டுகிறேன். பெயர் போடாததற்குக் காரணம் உங்கள் தீர்மானத்தின் மூன்றாவது வரியிலேயே இருக்கிறது.

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்ததும் எங்கள் பக்கத்துப் பையன்கள் யாராவது மூத்த டிரைவரைத் தேடி வருவார்கள். "அண்ணா, எந்தக் கம்பெனியில சேரலாம்?" என்பதுதான் முதல் கேள்வி. இத்தனை காலமாக நாங்கள் சொல்லிவந்த பதில் ஒன்றுதான்: போய்ச் சேர், ஓட்டிப் பார், ஒத்து வரவில்லையென்றால் கணக்கை முடித்துக்கொண்டு வேறு வண்டி ஏறு. ஏனென்றால் ஒரு கம்பெனி எப்படி என்று வெளியில் நின்று கண்டுபிடிக்க வழி கிடையாது. படி, அதாவது நடைக்கு இவ்வளவு என்று பேசிய பணம், ஒழுங்காக வருமா, வண்டியை வேலை பார்ப்பார்களா, ராத்திரி இரண்டு மணிக்கு ஆலத்தூரில் வண்டி நின்றுபோனால் போனை எடுப்பார்களா என்பதெல்லாம் உள்ளே போன பிறகுதான் தெரியும். பிடிக்காத இடத்தை விட்டு வர முடியும் என்பது ஒன்றுதான் புது டிரைவருக்கு இருந்த பாதுகாப்பு. நீங்கள் பூட்டியிருப்பது அந்தக் கதவைத்தான்.

லைசென்ஸ் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். வண்டி ஓட்டுகிறவன் கேட்ட இடத்தில் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். டிஜிலாக்கரில் காட்டினால் போதுமே என்பீர்கள். சரி, செல்லும்தான். வழியில் போனில் சார்ஜ் இல்லையென்றாலும் டிரைவர் பாடு என்பதை விடுங்கள். கார்டு ஓட்டுவதற்குத் தேவையே இல்லை என்றால் அது உங்கள் மேசை டிராயரில் எதற்கு? பையன் போகாமல் இருப்பதற்கு. வேறு காரணம் ஏதாவது இருந்தால் தீர்மானத்தில் எழுதியிருப்பீர்கள். புரோநோட்டும் அப்படியே. கடன் வாங்காதவனிடம் எதற்குக் கடன் பத்திரம்?

அடுத்து, ஒரு பையன் எதை வைத்துக் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கிறான் என்று பாருங்கள். கே.கே. சாவடி டீக்கடையில் நாலு பேர் சொல்வது, வண்டியின் பெயின்ட், நடைக்கு எவ்வளவு படி என்ற ஒரு எண். அவனுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். அதிலும் அந்த எண் ரொம்பவே ஏமாற்றக்கூடியது. போன மழைக்காலத்தில் ஒரு பையன் தன் நடைக் கணக்கை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். பழைய டெலிவரி சலானின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய கணக்கு. மேலே பேசிய படி. அதற்குக் கீழே டீசல் குறைவு என்று ஒரு கழிவு. அரிசி மூட்டை ஷார்ட்டேஜ் என்று இன்னொன்று. தார்ப்பாய் கிழிந்ததற்கு ஒன்று. கடைசியில் கேமரா ஃபைன் 500.

அந்த 500 ரூபாயின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். கேரளத்தில் கனரக வாகன டிரைவருக்கும் சீட் பெல்ட் கட்டாயம் என்று 2023 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. கேமராவும் அந்த ஆண்டு ஜூன் மாதத்திலிருந்தே ஃபைன் போட ஆரம்பித்துவிட்டது. அந்த வண்டியில் பெல்ட் இருந்தது, கொக்கி இல்லை. பையன் ஏறிய அன்றைக்கே ஆபீஸில் சொல்லியிருக்கிறான். "மடியில போட்டுக்கிட்டு ஓட்டு" என்று பதில். மடியில் போட்டது கேமராவில் பட்டென்று தெரிந்துவிட்டது. சலான் ஓனர் பேருக்கு வந்தது, பணம் பையன் படியிலிருந்து போனது. கொக்கி இன்னும் மாட்டவில்லை என்று கேள்வி.

டீசல் குறைவும் அப்படித்தான். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று நீங்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறீர்கள். வெறும் வண்டியா, லோடு வண்டியா, ரிட்டர்னில் பெரும்பாவூர் பிளைவுட்டை எத்தனை உயரம் அடுக்கினார்கள், அங்கமாலியில் எவ்வளவு நேரம் டிராஃபிக்கில் நின்றது, ஒன்றும் அந்தக் கணக்கில் வராது. பழைய டிரைவர் இதைப் பேசிச் சரிக்கட்டுவார். புதுப் பையனுக்குப் பேசத் தெரியாது, தலையாட்டிவிட்டுப் போவான்.

எங்களிடம் ஆலோசனை கேட்டு வருகிறவர்களுக்குச் சில கேள்விகள் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறோம். வண்டி இன்சூரன்ஸில் சம்பள டிரைவருக்கான பொறுப்பும் சேர்ந்திருக்கிறதா? எஃப்சி, அதாவது வண்டியின் தகுதிச் சான்று, எப்போது முடிகிறது? முன் டயர் எப்படி? லோடு எவ்வளவு ஏற்றுவீர்கள்? ஃபைன் வந்தால் யார் கட்டுவது? படி எந்தத் தேதியில், கையிலா வங்கியிலா? இவ்வளவுதான். உங்கள் உறுப்பினர்களில் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "நீ வேலைக்கு வந்திருக்கியா, வண்டியை விலைக்கு வாங்க வந்திருக்கியா?" என்று ஒரு பையனை வாசலோடு அனுப்பிவிட்டார். வாங்க வருகிறவர் டயர் போனால் பேரம் பேசுவார். ஓட்டுகிறவனுக்கு டயர் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டயர் என்றதும் சொல்கிறேன். பின்னால் பட்டன் டயர், அதாவது தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது, போடுவதை யாரும் குறை சொல்லவில்லை, அது தொழில். முன் டயர் வேறு. அதில்தான் ஸ்டீயரிங் இருக்கிறது. அது வெடித்தால் வண்டி எந்தப் பக்கம் இழுக்குமோ அந்தப் பக்கம்தான் போகும், அனுபவஸ்தனாலும் பிடிக்க முடியாது. ஒரு வண்டியில் நானே கையை வைத்துப் பார்த்தேன். மேலே பளபளவென்று புது ரப்பர். டயரின் தோள்பட்டையில் விரலை ஓட்டினால் பட்டன் ஒட்டிய விளிம்பு கோடு மாதிரி தட்டுப்படுகிறது, ஓர் இடத்தில் நகம் உள்ளே போகிற அளவுக்கு வாய் விட்டிருக்கிறது. அந்த வண்டிக்குத்தான் அன்றைக்கு ஒரு புது டிரைவரை ஏற்றி எர்ணாகுளம் அனுப்பப் பார்த்தார்கள். பழைய ஆள்கள் எல்லோரும் அந்த வண்டியைத் தொட மாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். தெரியாதவன் என்பதாலேயே மோசமான வண்டி அவனுக்குப் போகிறது. இது ஒரு கம்பெனியில் மட்டும் நடப்பதில்லை.

ஓவர்லோடு விஷயத்தில் உங்களுக்கும் எங்களுக்கும் இருக்கும் நஷ்டம் ஒரே அளவு இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டத்தில் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். வலிக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பணம், அடுத்த மாத வாடகையில் எடுத்துவிடுவீர்கள். சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 2015-இல் சொன்னது என்ன? சரக்கு வண்டியில் அதிக பாரம் ஏற்றி ஓட்டினால் டிரைவரின் லைசென்ஸைக் குறைந்தது 3 மாதம் நிறுத்தி வைக்க வேண்டும் என்று. கிரஷரில் எம்-சாண்ட் எத்தனை யூனிட் கொட்டுவது என்பதை முடிவு செய்வது நீங்கள். பார்ட்டியிடம் பேசுவது நீங்கள். மூன்று மாதம் அடுப்பு எரியாமல் போவது எங்கள் வீட்டில். "இவ்வளவு ஏத்த மாட்டேன்" என்று ஒரு புதுப் பையன் சொன்னால், உங்கள் புதுத் தீர்மானத்தின்படி அவன் லைசென்ஸும் உங்களிடம், கடிதம் எழுத வேண்டியவரும் நீங்கள்.

அவசரப்படுத்துவதும் இதே வகைதான். சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும் என்பது 2021 ஜனவரியிலிருந்து இருக்கிறது. திருவனந்தபுரம் லோடு லேட்டாகக் கிளம்பினால் ஆபீஸிலிருந்து ஓயாமல் போன்: பில் முடியப் போகுது, சீக்கிரம் போ. முடிவதற்கு 8 மணி நேரம் முன்னாலிருந்து முடிந்து 8 மணி நேரம் வரை அதை நீட்டிக்கலாம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குச் சில நிமிட வேலை. அதைச் செய்யாமல், தூக்கக் கலக்கத்தில் இருப்பவனை விரட்டுகிறீர்கள். 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், தொலைதூரத்துக்கு 10 மணி நேரம் வரை, ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை அரை மணியாவது ஓய்வு என்று எழுதி வைத்தது. எங்கள் தலைமுறையில் அந்தக் கணக்கில் ஓடிய லாரியை நான் பார்த்ததில்லை.

இனி கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். டிரைவர் கிடைப்பதில்லை, கிடைக்கிறவனுக்கும் தொழில் தெரியவில்லை என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறீர்கள். நிஜம்தான். ஆனால் தொழில் கற்றுக்கொடுத்த இடம் எங்கே போயிற்று? நாங்களெல்லாம் கிளீனராக ஏறினவர்கள். கயிறு கட்ட, தார்ப்பாய் மடிக்க, ஜாக்கி வைக்க, டயரைத் தட்டிச் சத்தத்தை வைத்தே காற்று பார்க்க, அப்புறம் காலி வண்டியைப் பங்க்கில் நகர்த்த, கடைசியில் டிரைவர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க லோடு வண்டியை நேர் ரோட்டில் ஓட்ட. குதிரானில் 2021-இல் சுரங்கம் திறப்பதற்கு முன்னால் அந்த ஏற்றத்தில் எந்த கியரில் போக வேண்டும், இறக்கத்தில் பிரேக்கை எத்தனை முறை தொடலாம் என்பதையெல்லாம் திட்டு வாங்கி வாங்கித்தான் படித்தோம். எதிரே வரும் பஸ்காரன் கை காட்டுவதற்கு என்ன அர்த்தம், இறக்குகிற இடத்தில் சுமட்டுத் தொழிலாளிகளிடம், அதாவது சுமை தூக்குகிறவர்களிடம், எப்படிப் பேசுவது என்பதையும் அங்கேதான் கற்றோம். வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்பதற்கே கேட்கும் நோக்குக்கூலியை 2018 மே 1-இல் கேரள அரசு ஒழித்துவிட்டது. ஆனாலும் லோடு இறக்கும் இடத்தில் தகராறு வந்தால் முன்னால் நிற்கப் போவது டிரைவர்தானே.

கிளீனர் சம்பளம் மிச்சம் என்று அந்த இடத்தை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியையும் 2018-இல் அரசு எடுத்துவிட்டது. இன்றைய பையன் டிரைவிங் ஸ்கூலின் காலி வண்டியில் பழகி, மைதானத்தில் டெஸ்ட் கொடுத்து வருகிறான். லோடு ஏற்றினால் பிரேக் பிடிக்கும் தூரம் எவ்வளவு கூடும் என்று அவன் காலுக்குத் தெரியாது. அவனை முதல் நடையிலேயே தனியாக, ராத்திரி, மழையில் அனுப்பிவிட்டு, இடித்துவிட்டான் என்று புரோநோட்டை எடுக்கப் போகிறீர்களா?

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வண்டியைப் பங்க்கில் நிறுத்திவிட்டுப் போனை அணைத்தவர்களை எனக்கும் தெரியும். டீசல் விற்றவர்களையும் தெரியும். ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்துக்கொண்டு ஃபைனான்ஸ் தவணை கட்ட முடியாமல் தவிக்கும் முதலாளிகள் உங்களில் நிறையப் பேர். அதில் சிலர் எங்களோடு கிளீனராக இருந்தவர்கள். வாடகை ஏறவில்லை, டோலும் டயரும் ஏறிவிட்டன. இதெல்லாம் சரி. திருடியவன் மேல் போலீஸில் புகார் கொடுங்கள், நாங்களே சாட்சிக்கு வருகிறோம். இன்னும் ஸ்டீயரிங்கையே தொடாத ஒருவனிடம் முன்கூட்டியே பிணை வாங்குவது எந்த ஊர் நியாயம்?

அதுவும் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு இது இரட்டை அடி. வீடு சித்தூர் தாலுக்காவில், லைசென்ஸ் கேரளத்தில் எடுத்தது, வண்டி தமிழ்நாட்டு நம்பர், ஆபீஸ் கோவைப் பக்கம். கேரளத்தில் மோட்டார் தொழிலாளர் சேமநிதி இருக்கிறது, தமிழ்நாட்டில் ஓட்டுநர் நல வாரியம் இருக்கிறது. அங்கே போனால் "வண்டி தமிழ்நாடு" என்கிறார்கள், இங்கே வந்தால் "நீ கேரளா" என்கிறார்கள். படி பாக்கிக்குப் போய் நின்றாலும் இதே பாட்டு. கையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தால் எந்த ஆபீஸிலாவது பேசலாம். எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தான் என்பதற்கே ஆதாரம் இல்லாதவன் என்ன பேசுவான்? 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வேலைக்கு நியமனக் கடிதம் தரச் சொல்கிறது. நீங்கள் அதற்கு நேர்மாறாக, பையனிடமிருந்து காகிதம் வாங்கிக்கொள்கிறீர்கள், அவனுக்கு ஒன்றும் தருவதில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவில் முழுவதுமாக ரத்து செய்யுங்கள். லைசென்ஸ் வேண்டாம், நகல் மட்டும் போதும் என்று திருத்தி வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தொடர்வதை நாங்கள் ஏற்க மாட்டோம். நின்றுவிட்ட டிரைவரைப் பற்றி அடுத்த முதலாளி விசாரிக்க வேண்டுமென்றால் போன் போட்டு விசாரிக்கட்டும், அதை யாரும் தடுக்கவில்லை. கடிதம் இல்லையென்றால் வேலை இல்லை என்பது மட்டும் கூடாது.

சேருகிற ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள், தமிழில். அதில் சேர்ந்த தேதி, படி எவ்வளவு, என்றைக்குத் தருவீர்கள், எதெதற்குப் பிடிப்பீர்கள், எதற்குப் பிடிக்க மாட்டீர்கள் என்று இருந்தால் போதும். வண்டியின் குறையால் வரும் ஃபைனும் ஓவர்லோடு ஃபைனும் உரிமையாளர் பொறுப்பு என்று அதிலேயே எழுதுங்கள். ஓவர்லோடில் லைசென்ஸ் நிறுத்தப்பட்டால் அந்த மூன்று மாதமும் அவன் வீட்டுக்கு என்ன தருவீர்கள் என்பதையும் சேருங்கள். அந்த ஒரு வரியை எழுதினாலே லோடு தானாகக் குறையும் என்பது என் கணிப்பு.

வண்டி இன்சூரன்ஸில் சம்பள டிரைவரைச் சேர்க்காத உறுப்பினர்கள் இந்த மாதமே சேர்க்கட்டும். அதற்கான பிரீமியம் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. பாலிசி நகலை டிரைவர் கேட்டால் காட்ட வேண்டும். வேலைக்குச் சேரும் முன் வண்டியைச் சுற்றிப் பார்க்கவும், கேபினில் ஏறிப் பார்க்கவும், முன் டயரைத் தொட்டுப் பார்க்கவும் அவனை விடுங்கள். பார்த்துவிட்டு இந்த வண்டி வேண்டாம் என்றால் கோபப்படாமல் அனுப்புங்கள்.

புது டிரைவரை முதல் மூன்று மாதம் தனியாக அனுப்பாதீர்கள். ஒரு மூத்த டிரைவரோடு போகட்டும். அந்த மூத்தவருக்கு நடைக்கு ஒரு சின்னத் தொகை கூடக் கொடுங்கள், பையனுக்கும் அரைப் படியாவது கொடுங்கள். சின்ன முதலாளிகளால் தனித்தனியாக முடியாது என்றால் சங்கமே ஒரு நிதி வைத்து நடத்தலாம். ஆண்டுவிழாவுக்கும் ஆயுத பூஜைக்கும் வசூல் செய்கிற சங்கத்துக்கு இது பெரிய விஷயமில்லை. கற்றுக்கொடுக்க எங்களில் பலர் தயாராக இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு காலி மைதானமும் ஒரு லோடு வண்டியும் கொடுத்தால் கூலி இல்லாமலே வருகிறோம்.

இ-வே பில் நீட்டிக்கும் வேலையை ஆபீஸ் பார்க்கட்டும். இரவு 12 மணிக்கு மேல் டிரைவர் தூங்குவதற்காக நிறுத்தினால் படியில் பிடிக்கக் கூடாது. ஜிபிஎஸ்ஸில் வண்டி நிற்பது தெரிந்தால் காலையில் கேளுங்கள்.

கடைசியாக அவசரமான ஒன்று. தீர்மானம் போட்ட கையோடு சில உறுப்பினர்கள் பையன்களிடமிருந்து லைசென்ஸை வாங்கியும் வைத்துவிட்டார்கள், ரசீதுகூட இல்லாமல். பொதுக்குழு கூடும்வரை இதற்குக் காத்திருக்க முடியாது. வாங்கிய லைசென்ஸையும் கையெழுத்துப் போட்ட புரோநோட்டையும் இந்த மாத முடிவுக்குள் அவரவரிடம் நேரில் கொடுத்துவிடும்படி உறுப்பினர்களுக்கு எழுத்தில் உத்தரவு போடுங்கள். அதன் நகலைப் பலகையில் ஒட்டுங்கள். மாதம் முடிந்தும் வராவிட்டால் பாலக்காட்டிலும் கோவையிலும் இருக்கும் தொழிலாளர் துறை அலுவலகங்களிலும் போலீஸிலும் நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக மனு கொடுப்போம். மனுக்கள் எழுதித் தயாராகத்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
வாளையார், வேலந்தாவளம் வழியில் ஓடும் ஒரு லாரி டிரைவர்,
கொழிஞ்சாம்பாறை